டயாலிசிஸ் வேண்டுமா வேண்டாமா, எங்களையே முடிவு செய்யச் சொல்கிறார் டாக்டர். இது நியாயமா?

5 ஜனவரி 2025 | சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் வாசகி கேட்டது

அப்பாவுக்கு 74 வயது. ரொம்ப காலமாகச் சர்க்கரை. சிறுநீரகம் வேலை செய்யும் அளவு, அந்த இ-ஜிஎஃப்ஆர், 9-க்கு இறங்கிவிட்டது. போன வாரம் நிபுணர் ஒரு கையேட்டைக் கொடுத்து, "மையத்துக்குப் போய் ரத்தச் சுத்திகரிப்பு, வீட்டிலேயே வயிற்று வழியாகச் சுத்திகரிப்பு, இரண்டும் இல்லாமல் மருந்தோடு பார்த்துக்கொள்வது, மூன்றில் எது என்று குடும்பத்தில் பேசி அடுத்த முறை சொல்லுங்கள்" என்றார். நாங்கள் மூன்று பிள்ளைகள், மூன்று கருத்து. எங்களுக்கு என்ன தெரியும் என்று எங்களைக் கேட்கிறார்? நாளைக்கு ஏதாவது ஆனால் "நீங்கள்தானே சொன்னீர்கள்" என்று கை கழுவத்தானே? அந்தக் காலத்து டாக்டர் மாதிரி "இதைச் செய்" என்று சொல்லிவிட்டுப் போனால் என்ன?

6 ஜனவரி 2025, விடியற்காலை

நைட் டூட்டியில் இருக்கிறேன். கேட் பக்கம் லாரி வராத நேரத்தில்தான் எழுத முடியும், துண்டு துண்டாக வரும்.

தங்கச்சி, டாக்டர் உங்களைக் கேட்டதில் எனக்குக் குறை தெரியவில்லை. கேட்டுவிட்டு அத்தோடு எழுந்துவிட்டாரே, அங்கேதான் இடிக்கிறது. கையேட்டைக் கொடுத்து "பேசிட்டு வாங்க" என்றால் பாரம் முழுவதும் உங்கள் தலையில். "இதைச் செய்" என்றால் முழுவதும் அவர் தலையில். எனக்குச் சிறுநீரகம் கெட்டபோது அப்படிச் சொன்ன டாக்டர்தான் வாய்த்தார், அதையும் கேளுங்கள்.

நல்ல மனிதர், கெட்டிக்காரர். என் ரிப்போர்ட்டைப் பார்த்தார். மையத்தில் வாரம் மூன்று நாள், காலை ஷிப்ட், வீட்டுக்குப் பக்கத்திலேயே இடம் இருக்கிறது என்று ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். நானும் தலையாட்டினேன். வெளியே ஒரு தாதி, கேரளத்துப் பெண், படிவத்தை நிரப்பிக்கொண்டே, "அண்ணா, நீங்க எப்ப தூங்குவீங்க?" என்று கேட்டது. காலை ஏழு மணிக்கு டூட்டி முடியும், ஒன்பது மணிக்குப் படுப்பேன் என்றேன். பேனாவை வைத்துவிட்டது. "அப்ப காலை ஷிப்ட்ல நாலு மணி நேரம் ஊசியோட உட்கார்ந்துட்டு, எப்ப தூங்கி எப்ப வேலைக்குப் போவீங்க?" டாக்டரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. பெரியவர் சொல்லும்போது குறுக்கே பேசக்கூடாது என்று வளர்ந்த ஆள்தானே நான்.

அந்தப் பெண் உள்ளே போய்ப் பேசி, திரும்பவும் எங்களை உட்கார வைத்து, அரை மணி நேரம் பேசினார்கள். இப்போது வயிற்று வழிதான் செய்கிறேன். டாக்டருக்குச் சிறுநீரகம் தெரியும். என் தூக்கம் எனக்குத்தான் தெரியும். இரண்டையும் ஒரே மேசையில் வைக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

லாரி.

6 ஜனவரி, அதே நாள்

ஒன்று விட்டுப்போனது. நீங்கள் எழுதியதில் மூன்று பிள்ளைகளின் கருத்து இருக்கிறது. அப்பா என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லையே?

9 ஜனவரி 2025

வயிற்று வழி என்றால் என்ன என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். தொப்புளுக்குப் பக்கத்தில் மெல்லிய குழாய் ஒன்று வைப்பார்கள். அதன் வழியே சர்க்கரை கலந்த திரவத்தை வயிற்றுக்குள் விட்டு, சில மணி நேரம் தங்க வைத்து, வெளியே எடுக்க வேண்டும். கையால் செய்தால் பொதுவாக நாளுக்கு நான்கு முறை, ஒரு முறைக்குச் சுமார் இரண்டு லிட்டர். மெஷின் என்றால் தூங்கும்போது எட்டு முதல் பத்து மணி நேரம் அதுவே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளும். எல்லோரும் இரவு மெஷின் என்பார்கள். என் வீட்டில் அது பகல் மெஷின்.

கையேட்டில் சிரித்த முகத்தோடு ஒருவர் சோபாவில் உட்கார்ந்து பை மாட்டுகிற படம் இருக்கும். நிஜத்தில் எப்படி என்றால்: ஜன்னலைச் சாத்த வேண்டும், ஃபேனை நிறுத்த வேண்டும், முகக்கவசம் போட வேண்டும், கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவ வேண்டும். ஈசூன் வெயிலில் மேல் மாடி வீட்டில் ஃபேன் இல்லாமல் பத்து நிமிடம். நெற்றி வியர்வையைத் துடைத்தால் திரும்பவும் கை கழுவ வேண்டும். குழாயைக் கழற்றியதும் பழுப்பு மருந்து தடவிய புது மூடியைப் போட்டு மூட வேண்டும். வெளியே வந்த திரவம் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கத் தாதி ஒரு வழி சொல்லிக் கொடுத்தது. பையை அச்சடித்த தாள் மேல் வைத்தால் எழுத்து தெரிய வேண்டும். நான் தமிழ் முரசு மேல் வைப்பேன். தலைப்பு மட்டும் தெரிந்து செய்தி தெரியவில்லை என்றால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், வயிற்றில் கிருமி புகுந்திருக்கலாம்.

மாதாமாதம் திரவப் பெட்டிகள் வரும். மூவறை வீட்டில் அடுக்கினால் ஒரு சுவர் காணாமல் போகும். காரிடாரில் வைக்க முடியாது, நகர மன்றத்திலிருந்து கடிதம் வந்துவிடும். சாமி மேடையையே நாங்கள் நகர்த்தினோம். மனைவிக்கு இன்னும் அந்த வருத்தம் உண்டு.

சர்க்கரைக்காரர்களுக்கு இன்னொன்று. திரவத்தில் இருக்கும் சர்க்கரை கொஞ்சம் உடம்பில் ஏறும், எடையும் கூடும். அப்பாவுக்கு யோசிக்கும்போது இதையும் கேளுங்கள்.

மையத்தில் செய்வதற்கு வேறு கணக்கு. கையில் ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைப்பார்கள், அது தடித்து ஊசி தாங்கப் பல வாரம் ஆகும். பிறகு திங்கள்-புதன்-வெள்ளி அல்லது செவ்வாய்-வியாழன்-சனி, நாலு மணி நேரம், இரண்டு ஊசி. எல்லாம் தாதியர் பார்த்துக்கொள்வார்கள், வீட்டில் பெட்டி கிடையாது. ஆனால் இரண்டு நாள் நீர் உடம்பில் சேர்ந்து ஒரேயடியாக எடுப்பதால் சிலருக்கு அன்றைக்குத் தசை பிடிப்பு, வீட்டுக்கு வந்து படுத்தால் மறுநாள்தான் எழுவார்கள். தண்ணீர்க் கட்டுப்பாடும் கடுமை. ரசம், மோர், கோப்பி, கஞ்சி எல்லாமே தண்ணீர்க் கணக்கில் சேரும்.

10 ஜனவரி 2025

"பூனை வளர்க்கலாமா" என்று கேட்டவருக்கு: 2024 செப்டம்பரிலிருந்து வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இரண்டு பூனை வரை சட்டப்படி வைத்துக்கொள்ளலாம், சரி. ஆனால் மெஷின் குழாயைப் பூனை கடித்து, அதன் வாயிலிருந்த கிருமி வயிற்றுக்குள் போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களிலேயே வந்திருக்கின்றன. குழாய் மாட்டும் அறைக்குள் பூனையை விடாதீர்கள். என் மகள் பூனைக்காக மனுப் போட்டபோது இதைச் சொல்லித்தான் தட்டிக்கழித்தேன். சிறுநீரகம் போனதில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் இது.

14 ஜனவரி 2025

பொங்கல் வாழ்த்து. அப்பாவுக்கு வாழைப்பழம், இளநீர் அளவோடு, டாக்டர் சொன்ன வரைக்கும், பொட்டாசியம் ஏறும். நட்சத்திரப் பழம் என்றால் ஒரு துண்டுகூடக் கூடாது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அது மூளையைத் தாக்கும் நஞ்சு. பழக்கடையில் வெட்டிக் கலந்து வைத்திருக்கும் டப்பாவைப் பார்த்து வாங்குங்கள்.

18 ஜனவரி 2025

தங்கச்சி பதில் போட்டிருக்கிறது. அப்பாவைக் கேட்டார்களாம். "எனக்கென்னம்மா தெரியும், நீங்களே பாத்துச் செய்யுங்க" என்றாராம். "பார்த்தீர்களா அண்ணே, கேட்டாலும் இதுதான்" என்கிறது.

பார்த்தேன். எங்கள் அத்தையும் (மனைவியின் அம்மா) இதையேதான் சொன்னார். எண்பதைத் தாண்டிய வயது, இதயமும் பலவீனம். மருமகன்களும் மகன்களும் நின்றுகொண்டு ஆங்கிலத்தில் பேசினோம், அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரிய மைத்துனர் "எல்லாம் செய்யுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்றார். அங்கிருந்த இளம் டாக்டர், சீனப் பெண், மரியாதையாக ஒன்று சொன்னது: "அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருக்கிறது. அதனால் அவர் சம்மதம்தான் வேண்டும்." மைத்துனருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் சிங்கப்பூர்ச் சட்டம் அதுதான். சுயமாக முடிவெடுக்கும் திறன் இருக்கும் பெரியவருக்குப் பதிலாக மகனோ மகளோ சம்மதம் கொடுக்க முடியாது. நீடித்த அதிகாரப் பத்திரம் (தன் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிப்பது) எழுதி வைத்திருந்தாலும், அது அவருக்குத் திறன் போன பிறகுதான் செல்லும். உயிர் காக்கும் சிகிச்சையில் அப்போதும் பிள்ளைகளால் முடிவு சொல்ல முடியாது, டாக்டர்தான் அவர் நலனைப் பார்த்து முடிவு செய்வார்.

அப்புறம் அந்த டாக்டர் எங்கள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டது. தமிழ் பேசும் தாதி ஒருவரை அழைத்துக்கொண்டு அத்தையோடு தனியாக உட்கார்ந்தது. "டயாலிசிஸ் வேண்டுமா" என்று கேட்கவே இல்லையாம். ஒரு நாள் எப்படிப் போகும், எது முடியாமல் போனால் கஷ்டமாக இருக்கும், எதற்கு ரொம்ப பயம் என்று கேட்டதாம். வாயே திறக்காத அத்தை நிறையப் பேசியிருக்கிறார். காலையில் விளக்கேற்ற வேண்டும், பேத்தி பள்ளிவிட்டு வரும்போது வீட்டில் இருக்க வேண்டும், வாரம் மூன்று நாள் சக்கர நாற்காலியில் தூக்கிக்கொண்டு போக விட மாட்டேன், ஊசிக்கு பயமில்லை, மூச்சு முட்டுவதற்குத்தான் பயம். "நீங்களே பாத்துச் செய்யுங்க" என்று எங்களிடம் சொன்னவர்தான் இவர். எங்களுக்குச் செலவும் அலைச்சலும் வைக்கக்கூடாது என்பதைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார்.

அதனால் அப்பாவிடம் மூன்றில் எது என்று கேட்காதீர்கள். அவர் நாளைப் பற்றிக் கேளுங்கள். நீங்கள் மொழிபெயர்க்காமல், ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்தவரைக் கேட்டு வாங்கி, கொஞ்ச நேரம் நீங்கள் அறைக்கு வெளியே இருந்தால் இன்னும் நல்லது. நாம் மொழிபெயர்த்தால் பாதியை நாமே விழுங்கிவிடுகிறோம். "ஆயுள்" என்ற சொல் வந்ததும் என் மனைவிக்கு நாக்கு எழவில்லை.

19 ஜனவரி 2025

"அப்படியானால் உங்கள் அத்தையைச் சாக விட்டீர்களா?" என்று ஒருவர் நேரடியாகவே கேட்டுவிட்டார். கேட்கட்டும், மைத்துனரும் இதைத்தான் கேட்டார்.

அத்தை டயாலிசிஸ் வேண்டாம் என்றார். வேண்டாம் என்றதும் சிகிச்சை நின்றுவிடவில்லை. ரத்தச் சோகைக்கு ஊசி, கால் வீக்கத்துக்கு மாத்திரை, அரிப்புக்கு மருந்து, மூச்சுத் திணறல் வந்தால் என்ன கொடுக்க வேண்டும் என்று எழுதி வைத்த தாள், வீட்டுக்கே வரும் குழு. ஒரு வருடத்துக்கு மேல் இருந்தார். கடைசி சில வாரம் தவிர மற்ற நாளெல்லாம் விளக்கேற்றினார்.

டயாலிசிஸ் செய்திருந்தால் இன்னும் நாள் இருந்திருப்பாரா? இருந்திருக்கலாம். ஆனால் வயதானவர்களுக்கு அது நிச்சயமில்லை என்று டாக்டர் மறைக்காமல் சொன்னது. 2007-ல் பிரிட்டனில் 75 வயதுக்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வில், மொத்தத்தில் டயாலிசிஸ் செய்தவர்கள் அதிக நாள் இருந்தார்கள். ஆனால் இதய நோயும் பல வியாதிகளும் சேர்ந்தவர்களுக்கு அந்த லாபம் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. 2009-ல் அமெரிக்காவில் வந்த ஆய்வு இன்னும் கசப்பு. முதியோர் இல்லத்தில் இருந்து டயாலிசிஸ் ஆரம்பித்த 3,702 பேரைப் பார்த்தார்கள். ஓராண்டில் 58 விழுக்காட்டினர் இறந்துவிட்டார்கள். முன்பு இருந்த அளவுக்குத் தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் நிலையில் இருந்தவர்கள் 13 விழுக்காடுதான்.

தங்கச்சி, பயந்துவிடாதீர்கள், இது உங்கள் அப்பாவைப் பற்றிய ஆய்வு இல்லை. அவர்கள் முதியோர் இல்லத்தில் மற்றவர் கவனிப்பில் இருந்தவர்கள். உங்கள் அப்பா இன்னும் தேக்காச் சந்தைக்குப் பஸ்ஸில் போய் மீன் வாங்குகிறவர் என்று எழுதியிருந்தீர்கள். அவர் வேறு ரகம். யாருக்கு யாருடைய எண்ணைச் சொல்வது என்பதுதான் டாக்டரின் வேலை, அதற்குத்தான் அத்தனை வருஷம் படித்தார்.

19 ஜனவரி, இரவு

தாதியாக வேலை பார்க்கும் வாசகி ஒருவர் தனியாக எழுதினார். டாக்டரிடம் "உங்கள் அப்பாவாக இருந்தால் என்ன செய்வீர்கள்" என்று கேளுங்கள் என நான் வேறு ஓர் இழையில் சொல்லியிருந்தேன். அது வேண்டாம் என்கிறார். டாக்டரின் அப்பாவுக்கு வேறு வீடு, வேறு பணம், வேறு ஆசை. பதில் அவரைப் பற்றித்தான் இருக்குமாம். "எங்கள் அப்பா மாதிரி ஆட்கள் இதை ஆரம்பித்தால் ஒரு வருடத்தில் பெரும்பாலும் எப்படி இருக்கிறார்கள்? ஆரம்பிக்காவிட்டால் எப்படி?" என்று கேட்கச் சொல்கிறார். இது நல்ல கேள்விதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கடைசியில் "நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் டாக்டர்" என்றும் கேட்டுவிடுங்கள். கருத்தே சொல்லாமல் பட்டியலை நீட்டுகிற டாக்டர் எனக்குக் கோப்பிக்கடை மெனுப் பலகையைப் போலத்தான். சேர்ந்து முடிவெடுப்பது என்றால் அவர் பங்கும் வேண்டுமே.

26 ஜனவரி 2025

"கை கழுவத்தானே" என்ற உங்கள் முதல் சந்தேகத்துக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

2022 ஜூலை 1 முதல் இங்கே ஒரு சட்டப் பிரிவு நடைமுறையில் இருக்கிறது, குடியியல் சட்டத்தின் 37-ஆம் பிரிவு. டாக்டர் சொன்ன ஆலோசனை சரியா என்று பார்க்கும்போது, சக மருத்துவர்கள் ஏற்கும் முறையா என்று பார்ப்பார்கள். அந்த நோயாளி விவரம் தெரிந்து முடிவெடுக்க நியாயமாகத் தேவையான தகவலைக் கொடுத்தாரா என்பதும் அதில் அடக்கம். அதனால் உங்களிடம் எடுத்துச் சொல்வது அவருடைய கடமை. நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் என்பதற்காகச் சிகிச்சையில் கவனக்குறைவாக இருக்க அவருக்கு உரிமை வந்துவிடாது.

வழக்குக்குப் பயந்து காகிதத்தைக் குவிக்கிறவர்களும் இருக்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. பன்னிரண்டு பக்கம் கொடுத்துவிட்டால் சொல்லியாகிவிட்டது என்று நினைப்பு. எது எப்படியோ, மறுபடி ஒரு சந்திப்பு கேளுங்கள். சீனப் புத்தாண்டு வாரம், இப்போதே போன் போடுங்கள்.

27 ஜனவரி 2025

"அவசரம் அவசரம் என்கிறார்களே, இ-ஜிஎஃப்ஆர் 9 என்றால் உடனே ஆரம்பிக்க வேண்டாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணைப் பார்த்து மட்டும் ஆரம்பிப்பதில்லை. 2010-ல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 828 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள்: 10-14 இருக்கும்போதே ஆரம்பித்தவர்கள், 5-7 வரை காத்திருந்தவர்கள். ஆயுளில் வித்தியாசம் இல்லை. ஆனால் காத்திருக்கச் சொன்னவர்களில் முக்கால்வாசிப் பேர் வாந்தி, வீக்கம், மூச்சு என்று ஏதாவது வந்து 7-க்கு முன்பே ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. ஆகவே யோசிக்க அவகாசம் உண்டு, தூங்க அவகாசம் இல்லை. முடிவு இல்லாமல் நாள் தள்ளினால் ஒரு ராத்திரி மூச்சு முட்டி அவசரப் பிரிவுக்குப் போவீர்கள், கழுத்தில் குழாய் போட்டு ஆரம்பிப்பார்கள். அப்போது யாரும் யாரையும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

இடையில் ஒரு வழியும் இருக்கிறது, கையேட்டில் பெரும்பாலும் வராது. இரண்டு மூன்று மாதம் செய்து பார்ப்போம், இன்னது தேறினால் தொடரலாம், தேறாவிட்டால் நிறுத்தலாம் என்று முன்பே பேசி வைத்துக்கொண்டு ஆரம்பிப்பது. நிறுத்தினால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம்தான் என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். அதை மறைத்துவிட்டு "சும்மா செய்து பார்க்கலாம்" என்பது அப்பாவுக்குச் செய்யும் துரோகம்.

2 பிப்ரவரி 2025

பணம். மெடிஷீல்ட் லைஃப் (தேசிய மருத்துவக் காப்புறுதி) டயாலிசிஸுக்கு உண்டு, மெடிசேவிலிருந்தும் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) மாதாமாதம் எடுக்கலாம், மீதிக்கு வருமானம் பார்த்து அறநிறுவனங்களில் சலுகை. ஆஸ்பத்திரி மருத்துவச் சமூக ஊழியரிடம் கணக்குக் கேளுங்கள், வாட்ஸ்அப் கணக்கை நம்பாதீர்கள். முடிவுக்கு முன்னால் கேளுங்கள். அப்பா மனதுக்குள் "பிள்ளைகளுக்குப் பாரம்" என்று ஒரு தொகையைப் போட்டு வைத்திருப்பார், அது பெரும்பாலும் நிஜத் தொகையைவிடப் பெரியது.

தோ பாயோ பெரியவர் ஒருவர், தேசிய சிறுநீரக அறநிறுவனம் தொடங்கிய 1969-ல் இதெல்லாம் கேள்விப்படாத விஷயம் என்று எழுதியிருக்கிறார். உண்மை. அப்போது உலகமெங்கும் மெஷின் குறைவு. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியாட்டலில், யாருக்கு டயாலிசிஸ் கொடுப்பது என்று முடிவு செய்ய ஊர்க்காரர்கள் ஏழு பேர் கொண்ட குழுவே இருந்தது. வேலை, குடும்பம், சர்ச்சுக்குப் போகிறவரா என்றெல்லாம் பார்த்தார்களாம். இன்றைக்கும் நாம் எங்கே இருக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் தேர்வு. ஹாங்காங்கில் 1985 முதல் அரசு ஆஸ்பத்திரிகளில் வயிற்று வழிதான் முதலில், அங்கே பெரும்பாலோர் அப்படித்தான். இங்கே பெரும்பாலோர் மையத்துக்குப் போகிறார்கள். இரண்டு ஊரிலும் உடம்பு ஒன்றுதான். பழக்கமும் கொள்கையும்தான் வேறு. அதனால்தான் "எல்லோரும் மையத்துக்குத்தான் போகிறார்கள்" என்பதை ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்கிறேன்.

12 பிப்ரவரி 2025

நேற்றுத் தைப்பூசம். டேங்க் ரோட்டில் நின்றபோது இந்த இழையை வாசிக்கும் ஒருவர் என்னைக் கண்டுபிடித்துவிட்டார், "பூனை அண்ணனா?" என்றார். பெயர் நிலைத்துவிட்டது.

அவர் கேட்டது மாற்றுச் சிறுநீரகம் பற்றி. இறந்தவர்களிடமிருந்து கிடைக்கக் காத்திருந்தால் இங்கே சராசரியாக ஒன்பது ஆண்டு என்கிறார்கள். உறுப்பு மாற்றுச் சட்டம் (மறுத்து எழுதி வைக்காதவர் இறந்தால் உறுப்பை எடுக்கலாம் என்பது) 1987-ல் வந்தது, 2008-ல் முஸ்லிம்களும் அதில் சேர்ந்தார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து விலகினால், பிறகு நமக்கே தேவைப்படும்போது வரிசையில் பின்னுக்குப் போவோம். உயிரோடு இருக்கும் உறவினர் கொடுத்தால் காத்திருக்க வேண்டாம், டயாலிசிஸே ஆரம்பிக்காமல்கூட மாற்றிக்கொள்ளலாம். ரத்த வகை சேராவிட்டாலும் இப்போது வழிகள் உண்டு.

என் தங்கை கொடுக்க வந்தாள். பரிசோதனை ஆரம்பித்தது. கொடுப்பவரைத் தனியாக அழைத்து, யாரும் வற்புறுத்துகிறார்களா என்று நெறிமுறைக் குழு கேட்கும், அது சட்டம். அவளுக்கு அந்தக் கட்டம் வருவதற்கு முன்பே ஆரம்ப நிலைச் சர்க்கரை என்று தெரிந்து நின்றுவிட்டது. அவள் அழுதாள். எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. இதை அவளிடம் சொன்னதில்லை. அவள் தமிழ் இழைகள் வாசிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

இந்த விஷயத்தில் "சேர்ந்து முடிவு" என்பது இன்னும் சிக்கல். வாங்குபவருக்கு ஒரு மனம், கொடுப்பவருக்கு ஒரு மனம், கொடுப்பவரின் கணவருக்கு ஒரு மனம். மச்சான் ஒரு நாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்தால் எல்லோரும் சரி என்றுதான் சொல்வார்கள். தனித்தனியாகக் கேட்கிற வழக்கம் எனக்குச் சரியாகப் படுகிறது.

23 பிப்ரவரி 2025

தங்கச்சி, ஒரு மாதமாக உங்களிடமிருந்து செய்தி இல்லை. சந்திப்பு என்ன ஆயிற்று?

2 மார்ச் 2025

வந்துவிட்டது செய்தி. புது சந்திப்பு கிடைத்து, தமிழ் பேசும் தாதியோடு அப்பா தனியாகப் பேசியிருக்கிறார். மையத்துக்கே போகிறேன் என்றாராம்!

நான் ஜனவரியிலிருந்து வயிற்று வழிக்குத் தூபம் போட்டுக்கொண்டிருக்கிறேன், மனிதர் ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார். காரணம் கேட்டால் சிரிப்பு வருகிறது. அம்மா போன பிறகு பகலில் வீட்டில் பேச ஆளில்லையாம். மையத்தில் பக்கத்து நாற்காலியில் ஆள் இருக்கும், பேசலாம் என்கிறார். வீட்டில் செய்தால் மகள் வேலையை விட்டுவிடுவாள் என்ற பயமும் உண்டாம். ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போக முடியுமா என்று அவரே டாக்டரைக் கேட்டிருக்கிறார். மூன்று நாளும் வார நாளில் வைத்துக்கொள்ளலாம் என்று பதில். ஆறு மாதம் கழித்து மறுபடி உட்கார்ந்து பேசுவது, நடமாட்டம் குறைந்தால் அப்போது யோசிப்பது என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். உடல்நிலை மோசமானால் என்ன வேண்டும் என்ன வேண்டாம் என்பதை முன்கூட்டிய பராமரிப்புத் திட்டமாகப் பதிந்துகொள்ளவும் தேதி கொடுத்திருக்கிறார்களாம்.

பேச்சுத் துணைக்காக ஒருவர் சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பார் என்று எந்தக் கையேட்டிலும் போட்டிருக்காது. பக்கத்து நாற்காலிக்காரர் நாலு மணி நேரமும் தூங்கிவிட்டால் என்ன செய்வாராம்? மையத்தில் பாதிப் பேர் தூங்கத்தான் செய்கிறார்கள். சரி, அது அவர் பாடு.

உங்கள் அண்ணனுக்கு இன்னும் கோபம் என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த சந்திப்புக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அப்பா வாயால் கேட்டால் அடங்குவார். எங்கள் மைத்துனர் அப்படித்தான் அடங்கினார், ஆனால் நாள் எடுத்தது.

3 மார்ச் 2025

கை ஆபரேஷன் பற்றி: அப்பா வலது கைப் பழக்கம் என்றால் பெரும்பாலும் இடது கையில்தான் வைப்பார்கள். எந்தக் கை என்று முடிவானதிலிருந்தே அந்தக் கையில் ரத்தம் எடுக்கவோ, சொட்டு மருந்து ஏற்றவோ, ரத்த அழுத்தம் பார்க்கவோ விடாதீர்கள். பலதுறை மருந்தகத்தில் பழக்க தோஷத்தில் அந்தக் கையை நீட்டிவிடுவார், பக்கத்தில் இருந்து தடுக்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு இறுக்கமான கடிகாரம், காப்பு, அந்தக் கையில் மார்க்கெட் பை எதுவும் வேண்டாம். தினமும் காலையில் விரலை வைத்துப் பார்த்தால் உறுமல் மாதிரி அதிர்வு தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அன்றைக்கே போன் போடுங்கள், மறுநாளைக்குத் தள்ளாதீர்கள்.

ஆபரேஷன் தேதி கிடைத்துவிட்டதா? 9 என்பது ஜனவரிக் கணக்கு.